உப்பளத்துப் பள்ளியில் மழைப் பாடம்

"டீச்சர், வேணாம் டீச்சர். கூப்புடாதீங்க."

ஏழாம் வகுப்பில் ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து சங்கவி இப்படிச் சொன்னபோது, நான் ஒற்றை விரலால் என் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளையும் அப்படியே தட்டச் சொல்லியிருந்தேன்.

பி.எட். படித்தவர்களுக்கு இந்த விளையாட்டு தெரிந்திருக்கும். முதலில் ஒரு விரல், அப்புறம் இரண்டு, அப்புறம் கை முழுவதும், பிறகு தொடை, கடைசியாகத் தரையில் கால். வகுப்பு முழுக்கச் சேர்ந்து செய்தால், கண்ணை மூடிக் கேட்பவருக்குத் தூறல் விழுந்து, வலுத்து, கொட்டுகிற மாதிரியே இருக்கும். மழைச் செய்யுளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கல்லூரியில் மாதிரி வகுப்பு எடுத்தபோது என் தோழிகள் விசில் அடிக்காத குறை.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய அந்த அரசுப் பள்ளியில் ஒருவரும் விசில் அடிக்கவில்லை. பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டார்கள். மீதிப் பேர் ஜன்னல் வழியே மேற்குப் பக்கம் பார்த்தார்கள். கவனச் சிதறல் என்று நினைத்தேன். புதிதாக வாத்தியார் வேலைக்கு வருகிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் கவனச் சிதறல்தான்.

"இது விளையாட்டும்மா. எல்லாரும் தட்டணும்" என்றேன், கொஞ்சம் கண்டிப்பாகவே.

தட்டினார்கள். சங்கவி மட்டும் தட்டவில்லை.

நாற்பதில் ஒரு மாணவி

நான் கிளியனூர்ப் பக்கத்துக்காரி. ஆரோவில்லில் ஓர் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். அங்கே வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் நேரே என் மேசைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதில் என் மாலை நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற வேலையைச் செய்கிறேன் என்பது புரிந்தபோது எனக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தேன். இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு, அதற்கு என் வீட்டில் நடந்த கூத்து நினைவிருக்கும்.

இரண்டாம் ஆண்டில் பள்ளிப் பயிற்சி. புத்தகத்தில் படித்ததையெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ச் செய்து பார்க்க வேண்டும். ஒரு வழிகாட்டி ஆசிரியரிடம் நம்மை ஒப்படைத்துவிடுவார்கள். அவருடைய வகுப்புதான் நம் வகுப்பு. நாம் பாடம் நடத்த, அவர் பார்ப்பார்.

என் வழிகாட்டி கலைவாணி டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். பொம்மையார்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஸ்கூட்டரில் வருவார். முதல் நாள் அவரைப் பார்த்து, என்னைப் போல இன்னொரு பயிற்சி மாணவி என்று நினைத்து, "எந்தக் காலேஜ் நீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "காலேஜ விட்டு ரொம்ப நாளாச்சிங்க. இப்ப இங்கதான் படிக்கிறேன்" என்றார்.

அவர் என்னை "அக்கா" என்பார். நான் அவரை "டீச்சர்" என்பேன். பயிற்சி முடிகிற வரை அது மாறவில்லை.

கடைசிப் பெஞ்ச்

கலைவாணி டீச்சரைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இந்த வாரப் பக்கங்கள் போதாது. இரண்டொன்று மட்டும் சொல்கிறேன்.

நான் பாடம் நடத்தும்போது அவர் கடைசிப் பெஞ்சில், பிள்ளைகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்காருவார். நாற்காலி போட்டால் வேண்டாம் என்பார். நான் தப்பாகச் சொன்னாலும் குறுக்கே பேச மாட்டார். வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு விஷயம் சொல்வார். "அக்கா, இன்னைக்கி நீங்க போர்டையே பாத்துக்கினு பேசினீங்க." அவ்வளவுதான். இன்னொன்று இருந்தாலும் அடுத்த நாளைக்குத்தான். நான் ஒரே நாளில் ஒன்பது தப்பு செய்கிற ஆள். அவர் பொறுமைக்குக் கோயில் கட்டலாம்.

இன்னொன்று. உப்புக் காலத்தில் சில பிள்ளைகள் விடியற்காலையிலேயே அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேரே பள்ளிக்கு வருவார்கள். முதல் பாடவேளையில் தலை தானாகப் பெஞ்சில் சாயும். கலைவாணி டீச்சர் எழுப்ப மாட்டார். "தூங்கற புள்ளைக்கு நடத்தி யாருக்கு ஏறப்போவுது? முழிச்சதும் சொல்லித் தந்தா ரெண்டு நிமிஷத்துல புடிச்சிக்குவாங்க" என்பார். மதிய உணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் அவர்களை உட்கார வைத்துச் சொல்லியும் தருவார். தன் சாப்பாட்டு நேரத்தில். யாரும் கேட்காமலே.

எனக்குப் பொறாமையாக இருக்கும். இந்த வயசில் இவருக்கு எப்படி இது வந்தது என்று.

ஓடிய பிள்ளைகள்

மழைச் செய்யுள் நடத்திய அன்று கலைவாணி டீச்சர் கடைசிப் பெஞ்சில் இல்லை. இணையத்தில் ஏதோ வருகைப் பதிவு ஏறவில்லை என்று கணினி அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "அக்கா, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஆவணி மாதம். எங்கள் பக்கத்தில் ஆவணி மழை மதியத்துக்கு மேல்தான் வரும். காலையெல்லாம் மண்டையைப் பிளக்கிற வெயில் அடிக்கும். மூன்று மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வரும். விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் கறுப்பைப் பார்த்தாலே மனசு துள்ளும். மழை வருகிறது என்றால் எங்கள் வீட்டில் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பார். மழையை வேண்டாம் என்று சொல்கிற ஒரு வீடு இந்த உலகத்தில் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

காலால் தட்டுகிற கட்டத்துக்கு வந்தோம். நிஜமாகவே இடி இடித்தது.

அவ்வளவுதான். சங்கவி எழுந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். "டீச்சர், அம்பாரம் தொறந்து கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டினார்கள். வாரிக் குவித்த உப்பை அங்கே அம்பாரம் என்பார்கள். மழைக்கு முன் தார்ப்பாயால் மூடாவிட்டால், அத்தனை நாள் உழைப்பும் வாய்க்காலில் ஓடிவிடும். இவ்வளவும் எனக்கு அப்புறம் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் தெரிந்ததெல்லாம், பள்ளிக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய வரை விரிந்த வெள்ளைப் பாத்திகள், அதன் வரப்பில் புத்தகப்பை இல்லாமல், செருப்பில்லாமல் ஓடுகிற பிள்ளைகள்.

அம்மா அப்பா மேல் என்ன பாசம்! தாழ்வாரத்தில் நின்றபடியே போனை எடுத்துப் படம் பிடித்தேன். "என் வகுப்புப் பிள்ளைகள்" என்று எழுதி, ஒரு சிவப்பு இதயத்தையும் ஒட்டி ஸ்டேட்டஸில் போட்டேன். பயிற்சிக்குப் போகிற எங்கள் கூட்டத்துக்கே இருந்த வியாதி இது. எதைப் பார்த்தாலும் ஸ்டேட்டஸ். கல்லூரித் தோழிகள் பதிலுக்கு இதயமாக அனுப்பித் தள்ளினார்கள்.

மழை அடித்து ஊற்றியது. கலைவாணி டீச்சர் நனைந்துகொண்டே ஓடி வந்தார். காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். என் குடையைப் பிடுங்கிக்கொண்டு உப்பளம் பக்கம் ஓடினார்.

வாசலில் ஒரு சத்தம்

மறுநாள் நான் பள்ளிக்குள் நுழையும்போதே, "டேய், மழ டீச்சர் வர்றாங்கடா" என்று எட்டாம் வகுப்புப் பையன்கள் கத்தினார்கள். நான் கை தட்டித்தான் மழை வந்தது என்று ஊருக்குள் பேச்சாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பத்து மணி வாக்கில் பள்ளி கேட் பக்கம் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. உச்சத்தில் கத்துகிற குரல். என்ன சொல்கிறார் என்று ஆசிரியர் அறைக்குள் இருந்த எனக்கு விளங்கவில்லை. "டீச்சரு, டீச்சரு" என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. சங்கவியின் அம்மா திரௌபதி என்று யாரோ சொன்னார்கள். நான் வீரமாக பீரோவுக்குப் பின்னால் போய், சுருட்டி வைத்திருந்த சார்ட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

கேட்டுக்குப் போனவர் கலைவாணி டீச்சர். அவர் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"என் கிளாஸுங்க. எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது. "அவங்க கோவப்பட்டது நியாயந்தான். நான்தான் பொறுப்புன்னு சொல்லிட்டேன்" என்றார். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். ஒரு குத்தல் இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. பயிற்சிக்கு வந்த யாரோ ஒருத்தி செய்த காரியத்துக்கு இவர் ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்? எனக்காக ஒருவர் முன்னால் போய் நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இப்போது எழுதும்போதும் கண் கலங்குகிறது.

அன்று சங்கவி வகுப்புக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க ஜன்னலோரப் பெஞ்சில் அவள் இடம் காலியாகவே கிடந்தது.

"இனிமே அனுப்ப மாட்டேன்னு அவங்கம்மா சொல்லிட்டாங்களாம் டீச்சர்" என்றாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி.

நன்றாகப் படிக்கிற பெண். கேள்வி கேட்டால் கையைத் தூக்குவதற்கு முன் பதிலைச் சொல்லிவிடுவாள். நான் டீச்சராகலாம் என்று வந்து, முதல் காரியமாக ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தியிருக்கிறேன்.

வரப்பு

சனிக்கிழமை கலைவாணி டீச்சரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து உப்பளத்துக்குப் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் பேச்சைத் தயார் செய்தேன். கல்வியின் அருமை, பெண் கல்வியின் அவசியம், அரசு தருகிற உதவிகள். பேச்சுப்போட்டிக்குப் போகிற பிள்ளை என்னிடம் தோற்றுப்போகும்.

கரையோரம் ஸ்கூட்டரை நிறுத்தியவர் இறங்கவில்லை.

"நீங்க போங்க அக்கா."

"நீங்க வரலியா?"

"நான் வந்தா என் மூஞ்சிக்காகச் சரின்னு சொல்லிடுவாங்க. உங்க கிட்டதான் அவங்க பேசணும்."

மழையில் கலங்கிப்போன பாத்திகளைப் பெண்கள் வரிசையாக நின்று மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. தரையிலிருந்து எழும்பிய வெளிச்சத்தில் என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. திரௌபதியின் பக்கத்தில் சங்கவியும் மிதித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீதான் அந்த ட்ரைனிங்கா?" என்றார் திரௌபதி. கால் நிற்கவில்லை.

"ஆமாங்க. அன்னைக்கிக் கை தட்டச் சொன்னது நான்தாங்க. தெரியாம பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"இன்னா கை?"

சொன்னேன். விரலால் தட்டியும் காட்டினேன். பக்கத்தில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திரௌபதி சிரிக்கவில்லை.

"ஏம்மா, நீ தட்டித்தான் மழ வர்றதா இருந்தா, உன்னக் கொண்டும்போய் எங்கண்ணன் கழனில நிறுத்தியிருக்க மாட்டனா? படிச்சவதான நீ? ஊருல பசங்க வெளையாட்டுக்குச் சொல்றானுங்க. அதுக்கா நான் பள்ளிக்கூடம் வந்து கத்துனேன்?"

தட்டிக் காட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

"உப்பு போனா போவுது. வருசா வருசம் போவறதுதான். வெயில் அடிச்சா திரும்ப வெளையும். இடி இடிக்குது, மின்னல் வெட்டுது. இந்த வெளில ஒதுங்கறதுக்கு ஒரு மரம் இருக்குதா பாரு. எம்பொண்ணு தனியா ஓடியாறா. நீ தாவாரத்துல நின்னு போன்ல படம் புடிக்கறியாம்."

இப்போதுதான் அவர் கால் நின்றது. கையை நீட்டி, கொஞ்ச தூரத்தில் மூடிக் கிடந்த ஓர் அம்பாரத்தைக் காட்டினார்.

"அங்கதான் எங்க நாத்தனார தூக்கனோம். மின்னல் அடிச்சி. தார்பாய இழுக்கப் போனவ."

யாரும் சிரிக்கவில்லை. பாத்தித் தண்ணீரில் என் நிழல் ஆடிக்கொண்டிருந்தது.

"மானம் கறுத்தா எனக்கு உசுரு கையில இருக்காது. ஆனா எம்புள்ள பள்ளிக்கூடத்துல கீது, டீச்சருங்க பாத்துக்குவாங்கன்னு ஒரு தெம்பு. அங்கயும் வுட்டுடுவீங்கன்னா எதுக்கு அனுப்பணும் சொல்லு? என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்."

தயார் செய்துகொண்டு போன பேச்சை அந்த வரப்பிலேயே விட்டுவிட்டேன்.

"இனிமே விட மாட்டேங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் கேட்டேன். "அன்னைக்கி பள்ளிக்கூட வாசல்லயும் இதையேதான் சொன்னாங்களா டீச்சர்?"

"ஆமாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் சொல்லியிருந்தா டைரில ஒரு பாயிண்டா எழுதிக்கினு மறந்திருப்பீங்க" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நானும் உங்களத் தனியா வுட்டுட்டுப் போயிருக்கக் கூடாது" என்றார். எனக்குச் சொன்னதைவிடக் கடுமையாகத் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

வாசற்படி

திங்கட்கிழமை சங்கவி வந்தாள். என்னைப் பார்க்காமலே ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தாள். வந்தாளே, அது போதும் என்றிருந்தது எனக்கு.

இரண்டு நாள் வெயில். மூன்றாம் நாள் மதியம் மேற்கே கறுத்தது.

நான் உவமை நடத்திக்கொண்டிருந்தேன். கலைவாணி டீச்சர் கடைசிப் பெஞ்சில் இருந்தார். முதல் இடி தூரத்தில் கேட்டதுமே பிள்ளைகளின் கால்கள் பெஞ்சுக்கு வெளியே வந்துவிட்டன. சாக்பீஸைப் போட்டுவிட்டு வாசற்படிக்குப் போனேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இரண்டு பக்கத்து நிலையையும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றேன்.

கலைவாணி டீச்சர் எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார். சாத்திவிட்டுத் திரும்பத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வாசலை என்னிடம் விட்டுவிட்டார்.

முதலில் வந்தவள் சங்கவி.

"வுடுங்க டீச்சர்."

"விட மாட்டேன்."

"எங்கம்மா தனியாக் கெடக்குது டீச்சர். தார்பாய ஒரு ஆளால இழுக்க முடியாது."

அது உண்மை. "தெரியும் சங்கவி" என்றேன். அவள் தோளால் முட்டினாள். கையை நகத்தால் கிள்ளினாள். மற்ற பிள்ளைகளும் நெருக்கினார்கள். யாரோ அழுதார்கள். மின்னல் வெட்டியபோது கரும்பலகை வரை வெளுத்தது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அந்த மூடிய அம்பாரம் என் கண் முன்னால் வந்தது. "உங்களுக்கு இன்னா, சம்பளம் வரும்!" என்று கத்தினாள் சங்கவி. பயிற்சிக்காரிக்கு ஏது சம்பளம்? ஆனால் அதைச் சொல்கிற இடமா அது. அவள் கண்ணில் இருந்த வெறுப்பு எனக்கு வலித்தது. வலித்தாலும் நிலையை விடவில்லை.

மழை கொட்டித் தீர்க்கிற வரை அப்படியே நின்றோம், அவள் என் நெஞ்சுக்கு நேரே, நான் அவள் வழியை மறித்துக்கொண்டு. கடைசியில் அவள் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பள்ளி விடுகிற நேரத்தில் உப்பளத்திலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். சட்டை, புடவை எல்லாம் உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்கால் வரை சேறு. திரௌபதி முன்னால் வந்தார்.

சங்கவி ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "இவங்கதாம்மா வுடல. நம்ப அம்பாரம் போச்சா?"

"போச்சு" என்றார் திரௌபதி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஈரம் சொட்டுகிற கையை மகளின் உச்சந்தலையில் வைத்தார். எடுத்துத் தன் புடவையில் துடைத்துப் பார்த்தார், துடைக்க அதில் காய்ந்த இடமே இல்லை. மறுபடி தலையில் வைத்து, வகிட்டிலிருந்து பின்னல் முடிகிற ரிப்பன் வரை மெதுவாகத் தடவினார். பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, அதையும் மகளின் தலைமேல் வைத்தார்.

"பாரேன், காஞ்சிருக்குது."